ஐந்து மணிக்கு எழுந்து போகிறவர்கள்

1

சொன்னால் நம்ப மாட்டீர்கள். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று வாயைத் திறந்து, ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவிருந்த பதவிக்கே போன வாரம் உலை வைத்துவிட்டேன். அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இங்கே யாங்கோனில் சொன்னால் பாதி பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் வானத்தைப் பார்ப்பார்கள். திருப்பூர்க்காரர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பனியன் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராகி, "பர்மாவில் ஒரு யூனிட் போடுறோம், போய்ப் பாத்துட்டு வா" என்று முதலாளி அனுப்பிய ஆள் நான். யூனிட் மூடிப்போய்விட்டது. நான் மட்டும் திரும்பவில்லை. யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் ஒரு பள்ளி ஆசிரியையைப் பார்த்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், இங்கேயே தங்கிவிட்டேன். என் மனைவி தேவகியின் முன்னோர் துறைமுக வேலைக்குக் கப்பலேறி வந்தவர்கள். அவள் பேசும் தமிழில் நம் பாட்டன் காலத்து வார்த்தைகள் வரும், நடுநடுவே பர்மியம் வரும். எங்கள் மகள் கயல்விழி. பள்ளியில் அவள் பெயர் சூ சூ. நான் தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்வாள். என்னை "ஃபேஃபே" என்பாள், அப்பா என்பதற்கு இங்கே அதுதான் வார்த்தை.

இப்போது நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன ஆபீசில். பிரான்சில் உள்ள துணிக்கடைகளுக்கு உடுப்பு தைத்து அனுப்புகிறோம். சாம்பிள் மட்டும் எங்கள் ஆபீசிலேயே தைப்போம், மொத்த ஆர்டரை இங்குள்ள ஃபாக்டரிகளுக்குக் கொடுத்துவிடுவோம். நடத்துகிறவர் பிரெஞ்சுக்கார அம்மா, பெயர் க்ளேர். ஐம்பதைத் தாண்டியவர். எல்லாரும் "ஸயாமா" என்போம். டீச்சரம்மாவையும் அப்படித்தான் அழைப்பார்கள், மேலதிகாரி அம்மாவையும் அப்படித்தான்.

2

இந்த அம்மாவிடம் சேர்ந்த புதிதில் நான் பட்ட பாடு இருக்கிறதே!

முதல் நாள் காலை. நான் அவசரமாக அறைக்குள் போய், "பட்டன் வந்து சேரலைங்க" என்று ஆரம்பித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "காலை வணக்கம்" என்றார். நான் மறுபடியும் பட்டன் என்றேன். அவர் மறுபடியும் காலை வணக்கம் என்றார். மனுசனுக்கு மனுசன் வணக்கம் சொல்லாமல் வேலையைப் பேசுவது பிரெஞ்சுக்காரர்களுக்கு நாய் குரைப்பது மாதிரியாம். தலை போகிற அவசரமென்றாலும் வணக்கம் முதலில், பட்டன் பிறகு.

அடுத்தது சாப்பாடு. நம் ஊரில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே தயிர்சாதத்தை அள்ளிப் போட்டுக்கொள்கிறவனுக்குத்தான் மரியாதை. "பாவம், சாப்பிடக்கூட நேரமில்லாம உழைக்கிறான்" என்பார்கள். நான் அதே பெருமையோடு மேஜையில் டப்பாவைத் திறந்தேன். அம்மா வந்து மூடியை எடுத்து மூடினார்! அவர்கள் நாட்டில் வேலை செய்கிற மேஜையில் சாப்பிடக் கூடாது என்று சட்டமே உண்டாம். ஒரு பெரிய மேஜை வாங்கிப் போட்டு, மதியம் முழுசாக ஒரு மணி நேரம் எல்லாரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அந்த மேஜையில் வேலைப் பேச்சே கூடாது. முதல் வாரம் பேச ஒன்றும் கிடைக்காமல் எல்லாரும் மீன்குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேரம்தான் அங்கே சட்டப்படி வேலை நேரம் என்று கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நம் ஊரில் ஷிப்மென்ட் சமயத்தில் அதை வியாழக்கிழமைக்குள்ளேயே தாண்டிவிடுவோமே! "அப்ப மீதி நேரம் என்னதாங்க பண்ணுவீங்க?" என்றேன். "வாழ்வோம்" என்றார். முகத்தில் சிரிப்புகூட இல்லை. வருஷத்தில் ஐந்து வாரம் சம்பளத்தோடு லீவு வேறு. நாம் லீவு கேட்கும்போது பாட்டியை இரண்டு தடவை சாகடிக்க வேண்டியிருக்கிறது, அவர்கள் நாட்டில் லீவு எடுக்காதவனைத்தான் என்ன ஆச்சு என்று விசாரிப்பார்களாம்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் புளுக மாட்டேன். ஆகஸ்ட் மாதம் வந்தால் பிரான்சே கதவைச் சாத்திக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுகிறது. துணி நிறத்துக்கு ஒப்புதல் கேட்டு மெயில் அனுப்பினால், "விடுமுறையில் இருக்கிறேன்" என்று கம்ப்யூட்டர்தான் பதில் சொல்லும். இங்கே ஃபாக்டரிக்காரன் என் கழுத்தில் கத்தியை வைப்பான். ஒரு ஆகஸ்ட் முழுக்க நான் அந்த நாட்டைத் திட்டாத திட்டு இல்லை. அம்மாவும் ஒருநாள் ஒப்புக்கொண்டார். பாரிஸில் பெரிய உத்தியோகக்காரர்கள் ஏழு மணி, எட்டு மணி வரை ஆபீசில் கிடக்கத்தான் செய்கிறார்களாம், ஐந்து மணிக்குக் கிளம்பினால், "என்ன, அரை நாள் லீவா?" என்று அங்கேயும் கேலி செய்வார்களாம். "அது பிடிக்காமல்தான் சொந்தமாக ஆபீஸ் வைத்தேன்" என்றார்.

ஆனால் ஒன்று. உட்கார்ந்தால் வேலைதான். வாட்ஸ்அப் கிடையாது, வெட்டிப்பேச்சு கிடையாது, "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" கிடையாது. நான் நாள் முழுக்க இழுக்கிற வேலையை அந்த அம்மா மதியத்துக்குள் முடித்துவிட்டு, ஐந்து மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்வருகிறேன் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் ஏழு மணி வரை உட்கார்ந்திருப்பேன். முதலாளி போனதும் போவது மரியாதையில்லை என்று என் ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது.

3

இனிதான் செல்வி வருகிறாள்.

செல்விக்கு ஆபீஸ் பதிவேட்டில் மா தீடா என்று பர்மியப் பெயர். இன்சீனில் வீடு. தாத்தா அங்குள்ள ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். காலையில் நகரைச் சுற்றி ஓடுகிற வட்ட ரயிலேறி வருவாள். எங்கள் சாம்பிள் பிரிவில் கம்ப்யூட்டரில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் போடுகிறவள் அவள்தான். பிரிவுத் தலைவர் குடும்பத்தோடு தாய்லாந்து போய்விட்டார். இங்கே இப்போது போக முடிந்தவர்கள் எல்லாம் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த இடம் காலி. செல்விக்குக் கிடைத்தால் ஊரிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் பாங்காக்கில் இருக்கிற சித்தி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், தையல் ஃபாக்டரிக்குப் போக வேண்டியதுதான். மூச்சிரைப்புக்கார அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இதை அவளே என்னிடம் சொல்லியிருந்தாள், கண் கலங்கி.

போன வாரம் திங்கட்கிழமை க்ளேர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "செல்வியைப் பற்றிச் சொல்லுங்கள். தலைவராகப் போடலாமா?" என்று கேட்டார்.

எனக்கு ஒரே குஷி! மூச்சு விடாமல் புகழ்ந்தேன். "அவளை மாதிரி உழைப்பாளி கிடைக்க மாட்டாங்க. நான் ஏழு மணிக்குக் கிளம்புறப்பகூட உக்காந்துதான் இருப்பா. எட்டு மணி வரைக்கும் இருக்கான்னு வாட்ச்மேன் சொல்றாரு. இந்த வருஷம் ஒருநாள்கூட லீவு எடுக்கலை. மதியம் சாப்பாட்டு மேஜையில நாலு வாய் அள்ளிப் போட்டுட்டு உடனே கம்ப்யூட்டருக்கு ஓடிடறா." நம் ஊராக இருந்தால் இந்நேரம் ஸ்வீட் பாக்ஸ் வந்திருக்கும்.

அம்மாவின் முகம் இருண்டுகொண்டே போனது.

"தினமும் எட்டு மணி வரையா?"

"தினமுங்க!"

"அப்படியானால் அந்த வேலை அவளுக்கு முடியவில்லை. இப்போதே நேரத்துக்குள் முடிக்க முடியாதவள் மேலே இன்னும் பாரத்தை ஏற்றினால் உடைந்துவிடுவாள். அது மட்டுமில்லை, தலைவி எட்டு மணி வரை உட்கார்ந்தால் கீழே இருக்கிற பெண்கள் எப்படிக் கிளம்புவார்கள்? முடியாது. பாங்காக்கிலிருந்து யாரையாவது பார்க்கிறேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நான் சொன்ன புகழ் ஒவ்வொன்றும் அந்த அம்மா காதில் குற்றமாக விழுந்திருக்கிறது. "இல்லைங்க, அவ நல்லா வேலை செய்வாங்க" என்று உளறினேன். "அதைத்தான் நீங்கள் இதுவரை சொல்லவேயில்லை. எவ்வளவு நேரம் உட்காருகிறாள் என்றுதான் சொன்னீர்கள்" என்றார். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக முடித்துக்கொண்டார்.

4

நேராக செல்வியிடம் ஓடினேன்.

"சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும். நாளையிலிருந்து டாண்ணு அஞ்சு மணிக்குக் கெளம்பிடு. இந்த வேலை உனக்கு வேணும்னா அது ஒண்ணுதான் வழி."

"அது முடியாதுங்க அண்ணே."

"ஏன் முடியாது? அத்தனை வேலையா இருக்கு?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேஜைக்கு அடியில் அடுக்கியிருந்த துணி ரோல்களை நகர்த்தினாள். அதற்குப் பின்னால் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பேட்டரிப் பெட்டி.

"வேலை மூணரைக்கே முடிஞ்சிடும் அண்ணே. இதுக்குத்தான் இருக்கேன். எங்க தெருவுல கரண்டு முறை வச்சு விடுறாங்கல்ல, நம்ம முறை வந்தாலும் சார்ஜ் ஏறுறதுக்குள்ள போயிடும். பாதி நாளு முறையும் வராது. அம்மாவுக்கு ராத்திரி ஃபேன் ஓடணும். இல்லைனா படுக்கவே முடியாது, மூச்சு வாங்கும். இங்க பில்டிங் ஜெனரேட்டர் எட்டு மணி வரைக்கும் ஓடுது. எல்லாரும் போனதுக்கப்பறம் சார்ஜ் போட்டு எடுத்துக்கிட்டு பஸ்ல போவேன்."

மூன்றரை மணிக்கு முடிகிற வேலையை எட்டு மணி வரை செய்வதாக நான் ஊருக்கே பறையடித்திருக்கிறேன்!

"அடிப்பாவி! பகல்லயே சொருகி வச்சிருந்தா யாரு கேக்கப் போறா?"

"எல்லாரும் பாப்பாங்களே அண்ணே. அனாடேயா இருக்கு."

இந்த அனாடே என்பதை உங்களுக்கு எப்படிச் சொல்வது? கூச்சம், சங்கடம், அடுத்தவர்க்குத் தொந்தரவாகிவிடுவோமோ என்கிற தவிப்பு எல்லாம் சேர்ந்தது. தாகத்தால் நாக்கு வறண்டாலும் பிறத்தியார் வீட்டில் தண்ணீர் கேட்க மாட்டார்கள். பர்மியர்களுக்கு இது பிறவிக்குணம், நம் தமிழர்களுக்கும் இங்கே வந்து நன்றாகத் தொற்றிக்கொண்டுவிட்டது.

"சரி, நான் ஸயாமாகிட்டச் சொல்லிடறேன். மூணரைக்கே முடிக்கிறவன்னு தெரிஞ்சா தூக்கித் தலையில வச்சுக்குவாங்க."

"ஐயோ, வேணாம்! கரண்டு திருடின்னு நினைப்பாங்க. வேலைல மெதுவுன்னே நினைச்சுக்கட்டும், அது பரவால்ல. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க அண்ணே." கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தியம் செய்து கொடுத்துத் தொலைத்தேன்.

வீட்டுக்குப் போனபோது வழக்கம்போல் இருட்டிவிட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கயல்விழி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தேவகியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஒங்களுக்கு ஏன் இந்த வேலை? சும்மா இருந்தா அவளுக்கு வேலை கெடைச்சிருக்கும்" என்றாள்.

"அத நானே நூறு தடவை சொல்லிக்கிட்டேன்."

"சத்தியத்த மீறக் கூடாது. ஆனா அவளச் சொல்ல வைக்கலாம்ல?"

கயல்விழி நிமிர்ந்து அவள் அம்மாவிடம் பர்மியத்தில் ஏதோ கேட்டாள். தேவகி சிரித்தாள். என்ன கேட்டாள் என்றேன். "அந்த அக்காவுக்குத்தான் வீட்ல கரண்டு இல்லைன்னு ஆபீஸ்ல இருக்காங்க, ஃபேஃபேவுக்கு என்ன கேடுங்கிறா."

கேட்கிறது பத்து வயசுப் பிள்ளை! பசிக்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

5

மூன்று நாளும் செல்வியின் பின்னாலேயே அலைந்தேன். "சொல்லிடு சாமி, சொல்லிடு" என்று கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே நகர்ந்துவிடுவாள். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டு மேஜை. ஒரு பக்கம் அம்மாவின் ரொட்டியும் வெண்ணெயும், இன்னொரு பக்கம் எங்கள் சோறும் மீன்குழம்பும், நடுவில் யாரோ கொண்டுவந்த, ஊறிய தேயிலையில் செய்த பர்மிய சாலட். க்ளேர் அம்மாவின் அப்பா ரயில் ஓட்டுகிறவராக இருந்தாராம். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தால் நாடே நின்றுவிடுமாம், அதைத் தப்பென்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லையாம். "உழைப்பை விற்கிறோம், எங்களை விற்கவில்லை என்பார் அப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், சட்டென்று செல்வியின் பக்கம் திரும்பினார்.

"உங்கள் தாத்தாவும் ரயில்வேதானே? செல்வி, இந்த மேஜையில் வேலைப் பேச்சு கூடாதென்று சட்டம் போட்டவள் நான்தான். ஒரே ஒரு தடவை மீறுகிறேன். எட்டு மணி வரை முடியாத அப்படி என்ன வேலை? நான்தான் அதிகமாகக் கொடுத்துவிட்டேனா?"

நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "ஆமாம், வேலை ஜாஸ்தி" என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் பிழைக்கும், வேலை போகும். அவள் அதைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன்.

செல்வி எழுந்து போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் பேட்டரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ரொட்டிக்கும் மீன்குழம்புக்கும் நடுவில் டொக்கென்று வைத்தாள்.

"ஸயாமா, வேலை மூணரைக்கு முடிஞ்சிடும். இதுக்குத்தான் இருக்கேன். வீட்ல அம்மாவுக்கு ஃபேன் ஓடணும்." பர்மியத்தில் பாதி, ஆங்கிலத்தில் பாதி.

அம்மா பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மூன்றரைக்கா! தாய்லாந்து போனவர் ஓவர்டைம் போட்டுச் செய்த வேலையை மூன்றரைக்கு முடிக்கிறாள்! நீங்கள் என்னிடம் என்ன சொன்னீர்கள்?" எனக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அத்தனையும் தேனாக இனித்தது. வாங்கிக்கொண்டே சிரித்தேன்.

"ஆனால் ஏன் பகலில் சார்ஜ் போடவில்லை? என்னிடம் ஏன் கேட்கவில்லை?" என்றார். சட்டமாக எழுதிவைத்திருக்கிற எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பழகிய நாட்டுக்காரருக்குக் கேட்க முடியாத தவிப்பை எப்படி விளக்குவது? கடைசியில் அவரே எழுந்து, காப்பி மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பேட்டரியைச் செருகினார். பிரெஞ்சுக்காரர் காப்பியை விட்டுக்கொடுக்கிறார் என்றால் அதன் பெருமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

"வேறு யாரிடமெல்லாம் பேட்டரி இருக்கிறது?" என்றார். மெதுவாக ஒரு கை, இன்னொரு கை, பிறகு மேஜை முழுக்கக் கைகள். செல்வியின் பக்கம் திரும்பி, "பதவி உங்களுக்கு. ஒரே நிபந்தனை. ஐந்து மணிக்கு உங்கள் பிரிவில் ஒருவரும் இருக்கக் கூடாது, உங்களையும் சேர்த்து" என்றார். நான் கை தட்டினேன். மேஜையே கை தட்டியது. செல்வி அப்போதுதான் அழுதாள்.

6

இந்தத் திங்கட்கிழமை செல்வி தலைவியாக முதல் நாள். ஐந்து மணிக்கு அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். சாம்பிள் பிரிவுப் பெண்களும் கிளம்பினார்கள். நான் என் வேலையில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தால் செல்வி பையும் பேட்டரியுமாக என் மேஜையருகே நிற்கிறாள்.

"என்னம்மா, கெளம்பலையா? ரயில் போயிடுமில்ல?"

"நீங்க எந்திரிங்க அண்ணே."

"எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. நீ போ."

"நீங்க பெரியவங்க, உக்காந்திருக்கீங்க. நான் எப்படிப் போறது?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படியில்லை. நான் உட்கார்ந்திருக்கும்வரை அவளால் நிஜமாகவே கிளம்ப முடியாது. ரயில் போய்விடும், அவள் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முன்னால் கம்ப்யூட்டரை அணைத்தேன். என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். மறுநாள் காலையில் செய்ய முடியாத எதுவுமில்லை.

தின்கன்ஜூனில் நான் டாக்சியிலிருந்து இறங்கியபோது வெயில் இன்னும் சுவரில் இருந்தது. எங்கள் தெருவை அந்த நேரத்தில் நான் பார்த்ததேயில்லை. பிள்ளைகள் பிரம்புப் பந்து விளையாடுகிறார்கள், ஒருத்தி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வெற்றிலை வாங்குகிறாள். எனக்கு ஏதோ புது ஊருக்கு வந்த மாதிரி இருந்தது, அப்படியொரு சந்தோஷம்.

கயல்விழி என்னைக் கண்டதும் பந்தைக் கீழே போட்டாள். ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், ஒரு பர்மிய வார்த்தைகூடக் கலக்காமல், சுத்தமான தமிழில் கேட்டாள்:

"அப்பா, உங்கள வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா?"

"இல்லடா கண்ணு. வேலை முடிஞ்சிருச்சு."

அவள் நம்பவில்லை. என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அம்மாகிட்ட நான் சொல்றேன்பா, திட்ட மாட்டாங்க" என்றாள்.